எம்டன் ஆட்கள் என்ன ஆனார்கள்?

வணக்கம் சார்,

அடங்காத பிள்ளைகளை எங்கள் பாட்டி 'சரியான எம்டன்' என்பார். 1914இல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்கிறார்களே, உண்மையா? அந்தக் கப்பல் ஆட்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?

எம்., நாகர்கோவில்

அன்புள்ள எம்.,

உங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். எம்டன் 1914 ஜூலை 31 அன்றே சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. செண்பகராமன் அப்போது சூரிக்கில் இருந்தார், அங்கிருந்து பெர்லின் போனார். நடுவில் எங்கே போய் ஏறியிருப்பார்?

சென்னைக் கதை உங்களுக்கே தெரியும். செப்டம்பர் 22 ராத்திரி, விளக்குகளை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அரை மணி நேரத்துக்குள் 120க்கும் மேற்பட்ட குண்டுகள், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. ஊரைக் காலிசெய்து ஓடியவர்கள்தான் ஆயிரக்கணக்கில்.

எனக்கு அதைவிடச் சுவாரசியம் நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் பிரிட்டிஷ்காரர்களின் கடலடித் தந்தி நிலையத்தை உடைக்க முக்கே என்ற அதிகாரியோடு சுமார் 50 பேர் கரையிறங்கினார்கள். கம்பியில்லாத் தந்திக் கம்பத்தைச் சாய்க்கப் போனபோது அங்கிருந்த ஊழியர்கள், ஐயா, எங்கள் டென்னிஸ் மைதானத்தின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கேட்க, இவர்களும் சரி என்று வேறு பக்கம் சாய்த்தார்கள். (யுத்தத்தில் இப்படியும் நடக்கும்.) அதற்குள் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' என்ற போர்க்கப்பல் வந்துவிட்டது. அதன் பீரங்கிகள் 6 அங்குலம், எம்டனுடையவை 4 சொச்சம். எம்டனின் கேப்டன் முல்லர் நொறுங்கிய தன் கப்பலைப் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார். செத்தவர்கள் 130 பேருக்கு மேல். கரையில் இருந்தவர்கள் சண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வேறென்ன செய்ய முடியும்?

அவர்கள் சரணடையவில்லை. அங்கே கிடந்த 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறி சுமத்ராவின் பாடாங் போய், அப்புறம் வேறொரு ஜெர்மன் கப்பலில் மாறி ஏமனின் ஹொடைடாவில் இறங்கி, வழியில் ஜெட்டாவுக்குப் பக்கத்தில் பெதூயின் என்ற பாலைவன நாடோடிகளோடு சண்டை போட்டு, சிலரைப் பறிகொடுத்து, ஹெஜாஸ் ரயிலைப் பிடித்து 1915 மே மாதம் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) போய்ச் சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

பிழைத்தவர்கள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. பாட்டி உங்களுக்குச் சும்மா கொடுத்த பட்டம்தான் அது.

முக்கே திரும்பியதும் புத்தகம் எழுதிப் பேர் வாங்கினார். முல்லர் மால்டாவிலும் அப்புறம் இங்கிலாந்திலும் கைதியாக இருந்தார், 1917இல் சுரங்கம் தோண்டித் தப்பித்துப் பிடிபட்டார். மலேரியாவில் உடம்பு கெட்டு 1923இல், 49 வயதில் இறந்தார். எம்டனைப் பற்றி எழுதச் சொல்லி எவ்வளவோ கேட்டும் அவர் எழுதவில்லை.