கல்முனையிலிருந்து சிவனொளிபாதமலை: மூச்சு முட்டுமா, கால் தாங்குமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 39 வயது. கல்முனையில் வங்கி வேலை, நாள் முழுக்கக் கதிரையில்தான். பிரஷருக்கு லொசார்டன் 50 குடிக்கிறேன். சின்ன வயதில் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தது. இப்போதும் குளிர் பட்டால் கொஞ்சம் இழுக்கும், பம் (இன்ஹேலர்) வைத்திருக்கிறேன். சித்திரை லீவில் கூட்டாளிமார் ஆறு பேர் சிவனொளிபாதமலை ஏறப்போகிறோம். நான் இதுவரை எந்த மலையும் ஏறினதில்லை. மேலே ஒட்சிசன் குறையும், டயமொக்ஸ் போடு என்கிறான் ஒருவன். ஏறுமுன் ஒரு வலிக்குளிசை போட்டால் கால் நோகாது என்கிறான் இன்னொருவன். என்ன செய்யட்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம் தம்பி, பிரஷரும் மூச்சும் கட்டுக்குள் இருந்தால். கூட்டாளிமார் சொன்ன இரண்டு குளிசையும் வேண்டாம்.

ஒட்சிசன் கதையை முதலில் முடிப்போம். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். உச்சியில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். அதனால் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தலையிடி, குமட்டல், தலைச்சுற்று என்று வரும் மலை நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலே போய்த் தங்குகிறவர்களைப் பிடிப்பது. நம் நாட்டிலேயே மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். டயமொக்ஸ் பற்றி, நேபாளத்தில் 3,700 மீற்றர் உயரத்தில் இருக்கும் முக்திநாத்துக்குப் போகும்போது கேளுங்கள். இங்கே அதைப் போட்டால் நடுவழியில் சிறுநீருக்கு இடம் தேடுவதுதான் மிச்சம்.

வலிக்குளிசையை அப்படிச் சிரித்துத் தள்ள முடியாது. டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. லொசார்டன் குடிக்கிறவர் மணிக்கணக்காக வியர்த்து, கழிப்பறை வரிசைக்குப் பயந்து தண்ணீரும் குடிக்காமல், அதற்கு மேல் இதையும் போட்டால் சிறுநீரகம் திண்டாடும். போதாததற்கு, முட்டு உள்ள சிலருக்கு இதே குளிசை இழுப்பையும் கிளப்பிவிடும். இறங்கிய பிறகு நோவு தாங்காவிட்டால் பரசிற்றமோல் போதும். லொசார்டனை வழக்கம்போல அன்றும் குடியுங்கள். பயணம் என்றால் பிரஷர் குளிசையை விட்டுவிடும் பழக்கம் நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. இரண்டு கிழமைக்கு முன்பே பிரஷரை அளந்து பாருங்கள். 160/100க்கு மேல் நின்றால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மலை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: இறக்கம். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள், ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரம். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம். இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடம்புப் பாரம் முழுவதையும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை நார்களில் நுண்ணிய கிழிசல் விழுவது இந்த வேலையில்தான். பாதி இறங்குமுன் கால் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கும்; மறுநாளும் அதற்கு மறுநாளும் கதிரையிலிருந்து எழும்பவே கைப்பிடி தேவைப்படும். உங்கள் குழுவில் ஒருவருக்கு அது சிவனொளிபாதம், இன்னொருவருக்குப் பாவா ஆதம் மலை. முழங்கால் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் நோகும்.

கல்முனை மட்டமான ஊர். கடற்கரை மணலில் எவ்வளவு நடந்தாலும் இந்தத் தசைக்கு அந்தப் பயிற்சி கிடைக்காது. மாடிப்படிதான் வழி. ஆறு கிழமை இருந்தால் கிழமைக்கு மூன்று நாள், முதுகில் தண்ணீர்ப் போத்தல் பையோடு ஏறி இறங்குங்கள். லிப்டில் இறங்கிவிடாதீர்கள், இறக்கம்தான் பாடமே. இடையில் ஒரு ஞாயிறு அம்பாறைப் பக்கம் ராஜகல மலைக்குப் பகலில் போய் வாருங்கள் (யானை நடமாடும் பகுதி, வெயில் சாய முதல் திரும்பிவிடுங்கள்). இப்படி ஒரு தடவை நன்றாக நொந்து ஆறிய தசை, அடுத்த சில கிழமைகளுக்கு அதே அளவு சேதப்படாது.

அந்த மாடிப்படியிலேயே இருதயத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நான்கு மாடி, ஏறக்குறைய 60 படி, நிற்காமல் ஒன்றரை நிமிடத்துக்குள் ஏற முடிகிறதா? முடியாவிட்டால், அல்லது நெஞ்சு இறுகினால், மலைக்கு முன் ஒரு ஈசிஜியும் டொக்டரும். மலையில் நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, குளிர்ந்த வியர்வை வந்தால் அந்த இடத்திலேயே இருந்துவிடுங்கள், 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் அடிவாரம் வரைதான் வரும். அங்கிருந்து ஆட்கள் வந்து உங்களைச் சுமந்துதான் இறக்க வேண்டும். ஆகவே நோவைக் கூட்டாளிமாரிடம் மறைக்க வேண்டாம்.

முட்டுக்கு: நீல பம்மை ஏறுவதற்குக் கால் மணித்தியாலம் முன்பு இரண்டு தடவை இழுங்கள். பிறகு அதைச் சட்டைப் பையில் வையுங்கள். வாகனத்தில் விட்ட பையில் இருந்தால் பிரயோசனமில்லை. சித்திரை லீவில் உச்சிக்குக் கீழே வரிசை நகராமல் நிற்கும். ஏறி வியர்த்த பருத்திச் சட்டை அந்த விடியற்காற்றில் ஈரத்துணியாக முதுகில் ஒட்டும், நெஞ்சு இழுக்கத் தொடங்குவது அப்போதுதான். உலர்ந்த சட்டை ஒன்றை பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோய், வரிசையில் நின்றதுமே மாற்றுங்கள். காதையும் மூக்கையும் மூட ஒரு சால்வை.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அதிகம் வியர்த்தால் ஒரு ஜீவனிப் பக்கற் (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைக்கலாம். பிரஷர்காரர் அதையே நாள் முழுக்கக் குடிக்க வேண்டாம். குழுவில் சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர் இருந்தால் அவர் அளவைத் தன் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும், பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இங்கிருந்து பகல் முழுக்க வான் வண்டியில் போய், தூங்காமல் இரவே ஏறி, இறங்கினதும் திரும்பி ஓடிவரும் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. ஹற்றனிலோ மஸ்கெலியாவிலோ ஓர் இரவு தங்குங்கள். வான் ஓட்டுகிறவரும் உங்களோடு மலை ஏறுகிறவர் என்றால் திரும்பும்போது இன்னும் ஓர் இரவு.

வீட்டுக்கு வந்தபின் கால் நோவு நாலைந்து நாளில் போய்விடும். சிறுநீர் மட்டும் பிளேன்டீ நிறத்தில் போனால், அல்லது தொடை வீங்கிக் கல்லாக இறுகினால், தைலம் பூசிக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.