கம்பியைக் கட்டிவிட்டுப் போகிறவனுக்கு விழும் பெயர்

அன்புள்ள ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் லயத்துக்குப் பின்னால் கொஞ்ச நிலத்தில் கரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் பாத்தி முழுக்கக் கிண்டிப் போட்டுவிடும். ஆனால் எந்தத் தோட்டத்திலாவது பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டிவிட்டால், பன்றி வேட்டைக்குப் போகிற எல்லாரையும் ஒரே வாயில் திட்டுகிறார்கள். பேஸ்புக்கில் அதைவிட மோசம். பயிரைக் காக்கிறவனும் இறைச்சி விற்கிறவனும் ஒன்றா? எங்கள் பக்கத்தையும் நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒரு வாசகர், மஸ்கெலியா

அன்புள்ள தம்பி,

ஒன்றல்ல. ஆனால் கம்பியைக் கட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகு அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. விற்கக் கட்டியதும் பயிருக்குக் கட்டியதும் அதே மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள்தான். கட்டியிருப்பதும் அதே கான் (தேயிலை மலை வடிகால்) ஓரத்தில், அதே தேயிலைத் தூரில். காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள்தான் அதில் துடிக்கிற மிருகத்தை முதலில் காண்கிறார்கள். அன்றிலிருந்து அந்த மலைக்குப் போகவே அவர்களுக்குப் பயம். பன்றிக்குப் போகிறவர்களைப் பற்றிய பேச்சு அங்கேதான் தொடங்குகிறது, பேஸ்புக்கில் அல்ல.

கம்பி என்ன செய்கிறது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். பன்றியின் தலையும் கழுத்தும் தடித்தவை, அதனால் சுருக்கை அகலமாக விடுகிறார்கள். சிறுத்தையின் உடம்பு ஒடுங்கியது. தலையும் முன்னங்கால்களும் அந்தச் சுருக்குக்குள் புகுந்து போய்விட, பல வேளைகளில் கம்பி இடுப்பில் இறுகுகிறது. மிருகம் முன்னுக்கு இழுக்க இழுக்க இன்னும் இறுகும், தளராது. வெளியே பெரிய காயம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உள்ளே குடல் நசுங்கியிருக்கும். மணிக்கணக்காகப் போராடியதில் தசை சிதைந்து, அந்தக் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். உயிரோடு மீட்ட சிறுத்தை இரண்டு மூன்று நாளில் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் பக்கத்திலேயே, நல்லதண்ணியில், 2020 மே மாதம் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையை உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. மலையகத்தில் கருஞ்சிறுத்தை எவ்வளவு அரிது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பன்றி பாதுகாக்கப்பட்ட மிருகமல்ல என்பார்கள். சரி. ஆனால் சிறுத்தையும் மரையும் பாதுகாக்கப்பட்டவை, அவையும் அதே கான் வழியாகத்தான் நடக்கின்றன. துவக்கோடு காவலிருக்கிறவன் வருவது எது என்று பார்த்துவிட்டுக் கையை எடுக்கலாம். கம்பிக்கு அது முடியாது. அதனால்தான் பயிருக்காகக் கட்டினேன் என்ற நியாயம் கம்பி விஷயத்தில் எடுபடுவதில்லை, எடுபடவும் கூடாது.

வேட்டைக்காரனுக்கு இங்கே ஒரு காலத்தில் கெட்ட பெயர் இருக்கவில்லை. ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவருடைய காலத்து வெள்ளைக்காரர்களுக்கு அவர் வீரர். ஹோட்டன் சமவெளியில் அன்று நாய்களை விட்டு மரை துரத்தினார்கள். அங்கே யானை இல்லாமல் போய் வெகுகாலமாகிவிட்டது. 1988இல் அந்த இடம் தேசியப் பூங்காவானது. மிருகம் குறையக் குறைய, அதே செயலைப் பார்க்கிற கண் மாறிவிட்டது. அந்தக் கண்ணோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

பெயரைக் கெடுக்கிற வேறு காரியங்களும் உண்டு. பன்றியை ஓடையில் வைத்து வெட்டிக் குடலை அங்கேயே விடுவது ஒன்று. கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர் குழாய் அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது. செத்த மிருகத்தோடு படமெடுத்துப் போடுவது இன்னொன்று. 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தையை அடித்துக் கொன்றவர்களைக் காட்டிக்கொடுத்தவை அவர்களே எடுத்த படங்கள்தான். எல்லாவற்றிலும் பயங்கரமானது வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பிக்குக் கொடுப்பது. 230 வோல்ட் பன்றியோடு நிற்காது. விறகுக்குப் போகிற பக்கத்து வீட்டு அக்காவையும் கொல்லும்.

பாத்தியைக் காக்க என்ன செய்யலாம்? பழைய கூரைத் தகரம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. தரைக்கு மேல் மூன்றடியாவது நிற்கவேண்டும், கீழே ஓரடி மண்ணுக்குள் போகவேண்டும். பன்றி தாண்டுவதைவிடத் தோண்டி நுழைவதுதான் அதிகம், தகரத்தை மண்மட்டத்தில் நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது அதனால்தான். சரிவான நிலத்தில் மேல்பக்கத்தை உயர்த்திக் கட்டுங்கள், மேலிருந்து பாய்வது அதற்குச் சுலபம். கிழங்கு முற்றுகிற கடைசி வாரங்களில் நாலு வீட்டுக்காரர் முறைவைத்து விளக்கோடு காவலிருந்தால், உங்களை ஊரே விவசாயியாகப் பார்க்கும். லயத்துக்குப் பின்னால் சாப்பாட்டுக் கழிவு கொட்டுவதையும் நிறுத்தவேண்டும். அது பன்றியையும் நாயையும் இழுக்கும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

எங்காவது சிறுத்தை மாட்டியிருப்பதைக் கண்டால் உடனே 1992க்கு அழையுங்கள், அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இலக்கம். வைத்தியர் வந்துசேரச் சில மணிநேரம் ஆகலாம். அதுவரை யாரும் கிட்டப் போகக்கூடாது, நாய்களைக் கட்டிவைக்கவேண்டும், சத்தமும் கூட்டமும் கூடாது. ஆள் கூடக்கூட அது இன்னும் மூர்க்கமாக இழுக்கும், கம்பியும் அறுந்துவிடலாம். நீங்களாக வெட்டிவிட முயலவே வேண்டாம்.

கடைசியாக ஒரு வேலை. அறுவடை முடிந்தபிறகும் பலர் கம்பியை எடுப்பதில்லை, கட்டிய இடமே மறந்துபோகிறது. வருகிற ஞாயிறு நாலைந்து பேராகக் கான் கானாக நடந்து, பழையது புதியது பார்க்காமல் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றியதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுங்கள், முழுசாக வைத்தால் திரும்பவும் கட்ட ஆள் இருக்கும். முதல்நாளே தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடமும் கொழுந்துக்குப் போகிற பெண்களிடமும் சொல்லிவையுங்கள். எங்கெங்கே கம்பி கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.