ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி எத்தனை பேர்?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். அடுத்து இயற்பியல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்காக க்யூட் (CUET) பொது நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று எண்ணம். “சின்ன இடத்துல போய் ஏன் மாட்டிக்கிறே, சென்னையில பெரிய காலேஜ்ல சேரு” என்கிறார் மாமா. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் இரண்டு இடத்துக்கும் போய் லேபைப் பாருங்கள். அட்மிஷன் சமயத்தில் வேண்டாம், அப்போது எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். வகுப்பு நடக்கிற நாளில், பிராக்டிகல் நேரத்தில் அனுமதி கேட்டுப் போங்கள். இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டதும் சிவப்பாக எரியும், சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சளுக்கு வரும். அதன் எதிரே உள்ள, ஒளியைப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். இரண்டு பேர் என்றால் நல்ல இடம். ஆறு பேர் என்றால் ஒருத்தர் டெலஸ்கோப்பைத் திருப்புவார், ஒருத்தர் வெர்னியர் பார்ப்பார், மிச்சப் பேர் ரீடிங்கை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று வருடத்தையும் இப்படியே ஓட்டி நல்ல மார்க்கும் வாங்குகிறவர்கள் உண்டு, அது வேறு கதை.

நம்மூரில் பெரும்பாலும் பட்டத்தில்தான் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரி. திருவாரூர் அப்படியில்லை; 2009-ல் தொடங்கியது, பாடமும் ஆராய்ச்சியும் ஒரே வளாகத்தில். பிஎச்டி மாணவர்கள் இருக்கிற துறையில் படிப்பது பெரிய வசதி, சாயங்காலம் ஒரு அக்காவைப் பிடித்து “இது ஏன் இப்படி வருது” என்று கேட்கலாம்.

சின்னத் துறையில் கஷ்டமும் உண்டு. விருப்பப் பாடம் என்று பட்டியலில் அரை டஜன் போட்டிருப்பார்கள், ஆனால் நடத்த ஆள் இருக்கிற ஒன்றுதான் கிடைக்கும். குவாண்டம் எடுப்பவர் சொதப்பினால் வேறு செக்‌ஷனுக்கு ஓடவும் முடியாது. வானியற்பியல் மாதிரி குறிப்பிட்ட ஆசை ஏதாவது இருந்தால், போன வருடம் நிஜமாகவே எந்தப் பாடம் நடந்தது என்று கடைசி வருட மாணவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கணக்கும் பிடிக்குமென்றால் சிறுசேரி சிஎம்ஐயையும் (சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்) பாருங்கள். சின்ன இடம்தான், ஆனர்ஸ் பட்டத்தில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்தே வரும், நுழைவுத் தேர்வு தனி. ஆனால் கணக்கின் கைதான் ஓங்கியிருக்கும், கருவியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிற ஆள் என்றால் உங்களுக்குச் சரிப்படாது.

கேள்வி: சின்ன இடத்தில் பிஎஸ்சி படித்தால் ஐஐடியில் எம்எஸ்சி கிடைக்காதாமே?
– வாசகர், தென்காசி

பதில்: யார் சொன்னது? ஐஐடி எம்எஸ்சிக்கான நுழைவுத் தேர்வு ஜாம் (JAM): 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். கல்லூரிப் பெயருக்கு அதில் கால் மார்க் கூடக் கிடையாது. மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், வெப்ப இயற்பியல் மூன்றிலும் முதல் இரண்டு வருடத்திலேயே கணக்குப் போட்டுப் பழகிவிடுங்கள், செமஸ்டருக்கு டெரிவேஷனை மனப்பாடம் செய்தே தேறியவர்கள் ஜாமில் திணறுவதுதான் வழக்கம். பழைய கேள்வித்தாள்கள் ஜாம் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அப்புறம், கோச்சிங்குக்குப் பணம் கட்டுவதை இரண்டு தாளாவது போட்டுப் பார்த்த பிறகு யோசியுங்கள்.