தீர்மானம் போட்டால் துப்பாக்கி ஓயுமா?

கே: சூடானில் இத்தனை பேர் செத்தும் உலகம் ஏன் கண்டுகொள்ளவில்லை?

நன்றாகவே கண்டுகொண்டிருக்கிறது, சண்டைக்குத் தீனி போடுவதே வெளியார்தான். 2023 ஏப்ரல் 15 அன்று தொடங்கிய போரில் தளபதி புர்ஹானின் அரசு ராணுவத்துக்கு எகிப்து பக்கபலம், ஈரான் ட்ரோன் கொடுத்தது. எதிரே ஹெமத்தி என்பவரின் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை. அதற்கு ஐக்கிய அரபு அமீரகம் சாட் நாட்டு வழியாக ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு நம்பத்தக்கது என்று ஐ.நா. நிபுணர் குழுவே 2024-இல் எழுதியது. அமீரகம் மறுக்கிறது. சூடான் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச்சேரும் இடம் என்னவோ துபாய்தான்.

அக்கறை இல்லாமல் போனது அகப்பட்டுக்கொண்ட சனங்கள் மேல். மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் உள்ள எல் ஃபாஷர் நகரை ஆர்.எஸ்.எஃப். முற்றுகையிட்டிருந்தது; அதை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் ஐ.நா. பாதுகாப்புச் சபை தீர்மானம் போட்டது. 14 நாடுகள் ஆதரவு, ரஷ்யா ஒதுங்கிக்கொண்டது. முற்றுகை ஒரு நாள்கூடத் தளரவில்லை. உள்ளே இருந்தவர்கள் மாட்டுக்குப் போடும் கடலைப் பிண்ணாக்கைத் தின்று உயிர் பிடித்தார்கள். 2025 அக்டோபரில் ஊர் ஆர்.எஸ்.எஃப். கையில் விழுந்தது. பிறகு நடந்தது படுகொலை.

கே: ஐ.நா. அமைதிப்படை கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் சும்மா நிற்கிறது?

தளபதி ஐ.நா.வுக்குக் கட்டுப்பட்டவர், ஆனால் கீழே இருக்கும் ஒவ்வொரு படைப்பிரிவும் ஆபத்தான உத்தரவு வந்தால் முதலில் சொந்த நாட்டுத் தலைநகரத்தைத்தான் கேட்கும். தன் ஆள் சாவதை எந்த அரசும் விரும்பாது. 1993-இல் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் ஒரே மோதலில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்ததும் அமெரிக்கா மூட்டை கட்டியது. மறு ஆண்டு ருவாண்டாவில் 10 பெல்ஜிய வீரர்கள் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் கிளம்பியது. இனப்படுகொலை உச்சத்தில் இருந்தபோதே, அங்கிருந்த படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்புச் சபை முடிவெடுத்தது.

கே: ராணுவத் தலையீடு எங்காவது பலித்ததுண்டா?

சியரா லியோனில் பலித்தது. அதற்கு முன் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். அங்கே உள்நாட்டுப் போரை நிறுத்தப் போட்ட 1999 லோமே ஒப்பந்தம், கைகளை வெட்டிய கலகப்படையின் தலைவன் ஃபோடே சங்கோவுக்குத் துணை அதிபர் அந்தஸ்து கொடுத்து, வைரத்தை நிர்வகிக்கும் ஆணையத்துக்கும் தலைவனாக்கியது. திருடன் கையிலேயே சாவி! மறு மே மாதம் அவன் ஆட்கள் ஐ.நா. வீரர்கள் சுமார் 500 பேரைப் பிடித்துவைத்தார்கள். தன் குடிமக்களை மீட்க லுங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிரிட்டிஷ் படை, அப்படியே தங்கி அரசுப் படையைத் தூக்கி நிறுத்தியது. கைலாஹுனில் முற்றுகையில் சிக்கியிருந்த 200-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை, ஜூலையில் ‘ஆபரேஷன் குக்ரி’ நடத்தி இந்திய ராணுவமே முன்னின்று மீட்டது.

இவ்வளவும் போதாது. கலகக்காரர்களிடம் வைரம் வாங்கி ஆயுதம் கொடுத்துவந்த பக்கத்து லைபீரியாவின் அதிபர் சார்லஸ் டெய்லர் மீது 2001-இல் வைரத் தடை விழுந்தது; 2002 ஜனவரியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். துருப்பு, தடை இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன என்பது என் கணிப்பு.

கே: காங்கோவில் அதே வைத்தியம் ஏன் எடுபடவில்லை?

ஒருமுறை எடுபட்டது. 2012 நவம்பரில் ஐ.நா. வீரர்கள் ஊருக்குள் இருக்கும்போதே எம்23 என்ற கலகப்படை கிழக்கு காங்கோவின் கோமா நகரைப் பிடித்தது. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்கா, தான்சானியா, மலாவி வீரர்களைக் கொண்டு, தாக்கவே அதிகாரம் பெற்ற தனிப் படைப்பிரிவை ஐ.நா. அமைத்தது. எம்23-க்குப் பின்னால் நின்ற ருவாண்டாவுக்கு மேற்கு நாடுகள் உதவிப் பணத்தையும் நிறுத்திவைத்தன. 2013 நவம்பருக்குள் எம்23 கதை முடிந்தது. பிறகு ருவாண்டா மீதான நெருக்குதல் தளர்ந்தது, 2021 முடிவில் சண்டை திரும்பியது, 2025 ஜனவரியில் கோமா மறுபடியும் போயிற்று.

கே: அப்படியானால் சூடானுக்கும் படை அனுப்பலாமே?

யார் ஆள் கொடுப்பது? டார்ஃபூரில் இருந்த ஐ.நா.–ஆப்பிரிக்க ஒன்றியப் படையின் பணியே 2020 டிசம்பரோடு முடிக்கப்பட்டது. அதைவிடச் செலவு குறைந்த வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. 2004-இல் போட்ட ஐ.நா. ஆயுதத் தடை இன்னமும் டார்ஃபூருக்கு மட்டும்தான். நாட்டின் மற்ற பகுதிக்கு ஆயுதம் விற்க ஐ.நா. தடை எதுவும் இல்லை. முதலில் அதை நாடு முழுவதற்கும் நீட்டட்டும், மீறுகிறவர்களின் பெயரைச் சபையில் வாய்விட்டுச் சொல்லட்டும்.