விளையாட்டுக் கேள்வி – பதில்: கல்லூரி வீரரை எடை போடுவது எப்படி?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் டெக்சாஸில் வசிக்கும் என் மருமகன், ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் அங்குள்ள உதைபந்தாட்ட அணிகள் பல்கலைக்கழக மாணவர்களைத் தெரிவு செய்வதைப் பற்றியே தொலைபேசியில் பேசுகிறான். நாற்பது யார் தூரத்தை வேகமாக ஓடுபவனைத்தான் முதலில் எடுப்பார்கள் என்கிறான். அது சரியா? – வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: பாதி சரி. அங்கே உதைபந்தாட்டம் என்று அழைக்கப்படுவது பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம். நம்மவர் கண்ணுக்கு அது றக்பியைப் போலத் தெரியும். என்.எப்.எல். எனும் தொழில்முறை லீக்கின் 32 அணிகளும் ஆண்டுக்கொரு முறை ஏழு சுற்றுகளில் புதிய வீரர்களைத் தெரிவு செய்கின்றன. ‘ட்ராப்ட்’ என்று சொல்லப்படும் இந்தத் தெரிவில், முந்திய பருவத்தில் ஆக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பும் சம்பியன் அணிக்குக் கடைசி வாய்ப்பும் உரியவை. அந்த வாய்ப்புகளை அணிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்வதும் உண்டு.

தெரிவுக்கு முன்னர், 1987 முதல் இண்டியானபொலிஸ் நகரில் நடந்துவரும் பரிசோதனை முகாமுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அழைக்கப்படுகிறார்கள். நாற்பது யார் ஓட்டம், 225 இறாத்தல் பாரத்தைப் படுத்தபடி எத்தனை முறை உயர்த்த முடிகிறது என்ற கணக்கு, நின்ற இடத்திலிருந்து பாய்தல், உள்ளங்கையின் அளவு, பழைய காயங்கள் பற்றிய மருத்துவச் சோதனை, அணிகளின் நேர்காணல் என எல்லாம் அங்கே நடக்கும். இவற்றுள் தொலைக்காட்சிக்கு உகந்தது ஓட்டம் என்பதால் அதுவே பெரிதாகப் பேசப்படுகிறது.

ஆனால் 2017இல் 4.22 செக்கனில் ஓடிய ஜோன் ரொஸ், ஒன்பதாவது தெரிவாக சின்சினாட்டி அணிக்குச் சென்றும், காயங்களும் சேர்ந்து கொள்ள, அங்கே நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் 5.28 செக்கன் எடுத்து, 198 பேர் தெரிவான பின்னர் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்ட டொம் பிரேடி, லீக்கின் இறுதியாட்டமான சுப்பர் போலில் ஏழு கிண்ணங்களை வென்றார். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்தை ஏந்துபவருக்கும் அவரைத் துரத்துபவருக்கும் அது உயிர்நாடி. 140 கிலோ நிறையுடன் முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பவரோ ஒரே மூச்சில் நாற்பது யார் ஓடவேண்டிய தருணம் ஆட்டத்தில் அரிதாகவே வரும். அவருக்கு முதல் பத்து யார் தூரத்தை எவ்வளவு விரைவாகக் கடக்கிறார் என்பதே முக்கியம். மருமகனுடன் அடுத்த முறை பேசும்போது, அந்தப் பத்து யார் நேரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: பாடசாலை மட்டத்தில் நாங்களும் 100 மீற்றர் ஓட்டத்தில் வென்ற பிள்ளையைத்தான் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துக் கொள்கிறோம். ஓட்டத்தை விட்டால் அவர்கள் வேறு எதைப் பார்க்கிறார்கள்? – உடற்கல்வி ஆசிரியர், காரைதீவு

பதில்: ஆசிரியரே, இதுதான் கேட்கவேண்டிய கேள்வி. நெல் வாங்க வரும் வியாபாரி மூட்டையின் நிறையோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பிடி அள்ளி ஊதிப் பதரைப் பார்த்த பிறகே விலை சொல்வார். நல்ல தெரிவாளர் அவ்வாறு அள்ளிப் பார்ப்பது ஆட்டங்களின் ஒளிப்பதிவைத்தான். ஒரு மாணவரின் பல ஆட்டங்களை, ஒவ்வொரு நகர்வையும் நிறுத்தி நிறுத்தி, மீண்டும் மீண்டும் பார்க்கிறார்.

அப்படிப் பார்க்கும்போது, கல்லூரி விதிக்கும் தொழில்முறை விதிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் மனதில் வைத்திருக்க வேண்டும். எல்லைக்கோட்டருகே பாய்ந்து பந்தைப் பிடிப்பவரின் ஒரு பாதம் உள்ளே பட்டால் கல்லூரியில் அது நல்ல பிடி, என்.எப்.எல்.இல் இரு பாதங்களும் உள்ளே பட வேண்டும். ஆகவே, கல்லூரி நடுவர் சரியென்று கைகாட்டிய பின்னரும், தெரிவாளர் படத்தை நிறுத்தி அந்த இரண்டாவது பாதம் எங்கே விழுந்தது என்று பார்ப்பார். விதி கேட்காதபோதும் தன் கால்விரலை இழுத்து உள்ளே வைக்கும் பிள்ளையை நான் தயங்காமல் எடுப்பேன்.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்டர்பெக் வீரரை எடை போடுவதே ஆகக் கடினம். முதலில் நோக்கிய சகவீரர் எதிரணியால் மறிக்கப்பட்டதும், அடுத்தவரைத் தேடி அவர் கண் நகர்கிறதா, தன்மீது எதிராளி பாய வருகையில் கால்கள் பதறுகின்றனவா, தனக்கு முன் நிற்கும் தடுப்பு வரிசை வலுவானதாக இருந்ததால் மட்டும் நன்றாகத் தெரிந்தாரா, எதிர்த்து ஆடியது எத்தகைய அணிகள் என்றெல்லாம் பார்க்க வேண்டும். குவார்டர்பெக்கான பிரேடியின் ஓட்டம் மெதுவானதுதான். ஆனால் 2000 ஜனவரியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக அலபாமாவை எதிர்த்து ஆடியபோது, இரு தடவை 14 புள்ளிகள் பின்தங்கியும் மீண்டு, மேலதிக நேரத்தில் 35–34 என்று தன் அணியை வெல்ல வைத்தார். அந்த ஒளிப்பதிவு எல்லா அணிகளிடமும் இருந்தது. பார்க்கக் கிடைத்ததைப் பார்த்தும் மதிப்பு வைக்கவில்லை என்பதே என் துணிபு.

உங்கள் பாடசாலையில் ஓட்டப்பந்தயத்தை நிறுத்தவேண்டியதில்லை. அதில் நான்காவதாக வந்த பிள்ளையையும் இரண்டு மூன்று ஆட்டங்களில் முழுநேரம் ஆடவிட்டு, பந்து தன்னிடம் இல்லாத வேளையில் அந்தப் பிள்ளை எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பணமும் ஆட்பலமும் உள்ளவர்களே தவறுகிறார்கள் என்றால், இதெல்லாம் வெறும் அதிர்ஷ்டமா? – வாசகி, ஏறாவூர்

பதில்: வெறும் அதிர்ஷ்டம் அல்ல, ஆனாலும் அணிகள் தம் கணிப்பை அளவுக்கு மிஞ்சி நம்புகின்றன. பொருளியலறிஞர் ரிச்சர்ட் தேலரும் கேட் மெசியும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே நிலையில் ஆடும் இருவர் அடுத்தடுத்துத் தெரிவானால், முன்னே தெரிவானவர் மற்றவரைவிடச் சிறப்பாக அமையும் வாய்ப்பு பாதியைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். முதல் இடங்களுக்காக அணிகள் மிதமிஞ்சிய விலை கொடுக்கின்றன என்பது அவர்களின் முடிவு. ஒருவரை அடைவதற்காகப் பல வாய்ப்புகளைப் பறிகொடுப்பதைவிட, சற்றுப் பின்னே இறங்கிப் பலரை எடுப்பதே புத்திசாலித்தனம் என்று நானும் கருதுகிறேன். 2022இல் 262ஆவதாக, எல்லாருக்கும் கடைசியாக, தெரிவான ப்ரொக் பேர்டி இரண்டு ஆண்டுகளுக்குள் சான் பிரான்சிஸ்கோ அணியை சுப்பர் போல் இறுதியாட்டம் வரை கொண்டு சென்றார்.

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்காத ஒருவர் தெரிவாக முடியுமா? – உயர்தர மாணவன், வாழைச்சேனை

பதில்: முடியும், தம்பி, ஆனால் மிக அரிது. சிட்னியில் சமோவா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து றக்பி லீக் ஆடிவந்த ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்க ஆட்டம் ஒன்றில்கூட ஆடாமலே 2018இல் 233ஆவது தெரிவாக பிலடெல்பியா அணியில் சேர்ந்தார். 6 அடி 8 அங்குல உயரமும், அந்த உடலைக் கொண்டு அவர் காட்டிய சுறுசுறுப்பும் அணியினரைக் கவர்ந்தன. முதல் இரண்டு பருவங்களில் அவர் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. அணியின் தடுப்பு வரிசைப் பயிற்றுநர் அடிப்படையிலிருந்து கற்பித்தார். 2025 பெப்ரவரியில் சுப்பர் போல் வென்ற அணியில் இடப்பக்கத் தடுப்பாளராக நின்றவர் அவரே. வெளிநாட்டு இளைஞர்களுக்கென லீக் நடத்தும் பயிற்சித் திட்டத்தின் ஊடாகவே அவர் சென்றார். உமக்கு றக்பியில் பழக்கமும் அதற்கேற்ற உடல்வாகும் இருந்தால், விசாரிக்க வேண்டிய வழி அதுதான்.