வாசகர் கேள்வி: வெட்டவெளியில் வைஃபை

கே: தென்னந்தோப்பு வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. 350 மீட்டர் தள்ளி மோட்டார் ரூமில் கேமரா வைக்க வேண்டும். கடைக்காரர் மெஷ் போடச் சொல்கிறார். தேவையா?
– பொள்ளாச்சி வாசகர்

ப: மெஷ் என்பது பல வைஃபை பெட்டிகள் கேபிள் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்பைக் கைமாற்றும் வலை. இரண்டே இடத்தை இணைக்க அது வேண்டாம். நேருக்கு நேர் பார்க்கும் 5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனாப் பெட்டி ஒரு ஜோடி போதும். களம், கொட்டகை, கேட் என்று நாலைந்து இடம் சேரும்போதுதான் மெஷ் கைகொடுக்கும். ஒரு பெட்டி படுத்தாலும் பக்கத்துப் பெட்டி வழியாகச் சுற்றிப் போய்விடும். அதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பெட்டிகளாவது எட்ட வேண்டும். மணி கோத்ததுபோல் ஒரே வரிசையில் வைத்தால் நடுவில் ஒன்று போனதும் அதற்கு அப்பால் எல்லாம் போச்சு.

எதைப் போட்டாலும் தோப்பில் எதிரி ஓலைதான். நனைந்த ஓலை 5 கிகாஹெர்ட்ஸை விழுங்கிவிடும். வெயிலில் ஓடிய லிங்க் மழையில் தடுமாறுவது அதனால்தான். மரத்துக்கு மேலே கம்பம் ஏற்ற முடியாதா? ஆன்டெனாவைக் கீழே இறக்குங்கள். 25 அடி இடைவெளியில் நட்ட நெட்டைத் தென்னையென்றால் இரண்டு வரிசைக்கு நடுவே, ஓலைக்குக் கீழே நேர் சந்து கிடைக்கும். 350 மீட்டர் லிங்கின் அலை நடுவழியில் பருத்து, சுற்றிலும் 2 மீட்டர் சொச்சம் இடம் கேட்கும். ஃப்ரெனெல் மண்டலம் என்பது இதைத்தான். அந்தச் சந்தில் அது தாராளமாக அடங்கும். 5 மீட்டர் கம்பம் போதும். குட்டைத் தென்னையில் இந்த வித்தை பலிக்காது.

பொருத்தியதும் ஆன்டெனாவை விரற்கடை விரற்கடையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் நின்று சிக்னலைப் பாருங்கள். மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) அல்லது அதைவிட நன்றாக வர வேண்டும். மைனஸ் 75ல் விட்டுவிட்டு இறங்கினால் அடுத்த மழைக்கு மறுபடி ஏற வேண்டியதுதான்.

கே: கல்யாண மண்டப வளாகத்தில் மூன்று மெஷ் பெட்டிகள். முதல் பெட்டியில் 100 எம்பிபிஎஸ். மூன்றாவதில் 25 தாண்டவில்லை. பெட்டி பழுதா?
– திருச்சி வாசகர்

ப: பழுதில்லை. ஒரே ரேடியோதான் வாங்கவும் வேண்டும், அடுத்ததற்குக் கடத்தவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாது. அதனால் பெட்டிவிட்டுப் பெட்டி போகும் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறக்குறையப் பாதி: 100, 50, 25. பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனி ரேடியோ உள்ள மாடல் இதைச் சரிசெய்யும், விலைதான் கூட. அதற்கு முன் ஃபைபர் வரும் பெட்டியை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றுங்கள். கேபிள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். கடைசிப் பெட்டிக்கும் ஒரே தாவல் ஆகிவிடும்.

கே: ஐபி67 என்று போட்ட மாடிப் பெட்டி ஒவ்வொரு ஐப்பசிக்கும் செத்துப்போகிறதே?
– நாகப்பட்டினம் வாசகர்

ப: தூசியும் தண்ணீரும் புகாது என்று சொல்லும் அந்த ஐபி67 தரக்குறி மூடிய பெட்டிக்கு. கேபிள் நுழையும் வாயை இறுக்கும் கிளாண்டின் ரப்பர் வளையத்தை விட்டுவிட்டுக் கேபிளைச் செருகியிருந்தால் அதற்கு அர்த்தமில்லை. கேபிள் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். நுழையும் முன் கேபிளை ஒரு சாண் தாழ வளைத்துவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளின் உள்கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு உரிந்து வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம். நீளம் போகப்போக வோல்டேஜ் இறங்கும், முனை சீக்கிரம் அரித்துவிடும். முழுச் செம்பு, கறுப்பு உறை, வெளிப்புறக் கேபிளாகப் போடுங்கள், 100 மீட்டருக்குள். இரு முனையிலும் இடி மின்னலில் பாயும் மிகை மின்சாரத்தை மண்ணுக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் வைத்து எர்த் கொடுங்கள். எர்த் கொடுக்காத அரெஸ்டர் வெறும் டப்பா. 24 வோல்ட் பெட்டியில் 48 வோல்ட் அடாப்டரை மாற்றிச் செருகிப் புகைத்துவிட்டு இடி மேல் பழி போடுவதும் உண்டு, லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிங்க் காரணமே இல்லாமல் ஒரு நிமிடம் அறுந்து, தானே வந்துவிடுகிறது.
– ஊட்டி வாசகர்

ப: சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரை ராடாரும் புழங்கும் இடம். ராடார் துடிப்பு மாதிரி ஏதாவது கேட்டாலே பெட்டி சேனலை விட்டு விலகி, புதிய சேனலில் 60 விநாடி காதுகொடுத்த பிறகே பேசும். ‘ஆட்டோ’வை அணைத்து, 149 முதல் 161க்குள் ஒன்றை எல்லாப் பெட்டியிலும் ஒரேமாதிரி வையுங்கள். வரம்புக்குட்பட்ட சக்தியில் இதற்கு இந்தியாவில் உரிமம் வேண்டாம்.