பெண்டில் ஹில்லில் ஒரு மால்டா வீடு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

சிட்னியில் டூங்காபி பக்கம் குடியிருக்கிறேன். சொந்த ஊர் மதுரை, இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் ஒருவரின் தாத்தா பாட்டி மால்டாவிலிருந்து வந்தவர்கள். இன்னொருவரின் தாத்தா ஸ்லோவேனியாக்காரர். போன வாரம் மதியச் சாப்பாட்டில் ஸ்லோவேனிய நண்பர், "எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இஞ்சினியர். மால்டாக்காரர்கள் மூன்று தலைமுறை ஆகியும் பிளம்பர், லாரி டிரைவர்தான்" என்றார். மற்றவர் கோபப்படவில்லை. "என் அப்பாவுக்கு மூன்று வீடு. உன் அப்பாவுக்கு எத்தனை?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

என் கேள்வி இதுதான். இரண்டும் ஐரோப்பாவில் குட்டி நாடு, இரண்டும் கத்தோலிக்க நாடு. இரண்டு கூட்டமும் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஒரே காலத்தில்தான் இங்கே வந்திருக்கிறது. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? படிப்பை மதிக்கிற சமூகம், மதிக்காத சமூகம் என்று உண்மையிலேயே உண்டா? இங்கே வளர்கிற என் பையன்களை நினைத்துத்தான் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

பாதிப் பதிலை உங்கள் மால்டா நண்பரே சொல்லிவிட்டார். அந்த மூன்று வீட்டைக் கிண்டல் என்று ஒதுக்க வேண்டாம்.

டூங்காபிக்கு அடுத்த ஸ்டேஷன் பெண்டில் ஹில். அங்கே என் சித்தி மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நம் ஆட்களின் மளிகைக் கடைகள், முருங்கைக்காய், ஒடியல் மா, எல்லாம் கிடைக்கும். ஒரு காலத்தில் அந்தப் பகுதியும் பக்கத்து கிரேஸ்டேன்ஸும் மால்டாக்காரர்களின் பேட்டை. எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் அவர்களில் மிச்சமிருந்த ஒருவர். முன்பக்கம் முழுக்க சிமெண்ட் பூசிய முற்றம், ஓரத்தில் மாதா சிலை, பின்பக்கம் அத்தி மரம், பழத்துக்காகவே வளர்த்த சப்பாத்திக்கள்ளி. வேலிக்கு மேலே தட்டை நீட்டி ஒருநாள் பாஸ்டிட்ஸி கொடுத்தார். உள்ளே பட்டாணி வைத்து, மேலே ஏடு ஏடாக உரியும் பலகாரம். நம் பேக்கரி பப்ஸுக்குப் பெரியப்பா முறை என்று வையுங்கள்.

மால்டாவின் வாலெட்டா துறைமுகத்தில், பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல்களைப் பழுது பார்க்கும் டாக்யார்டில் ஃபிட்டராக இருந்தவர் அவர். மனைவி, மூன்று பிள்ளைகளோடு கப்பல் ஏறி இங்கே தொழிற்சாலையில் சேர்ந்தார். அவருடைய அண்ணன் கிரேஸ்டேன்ஸில் நிலம் வாங்கிக் கோழி வளர்த்தார், கொஞ்சம் காய்கறி போட்டார். ஊர் பெருத்து அந்த நிலமெல்லாம் மனை ஆனபோது அண்ணனுக்குக் கிடைத்த பணத்தை ஒரு பேராசிரியர் வாழ்நாளில் சம்பாதிக்க முடியாது. பிள்ளைகள் ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான். "நான் பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மகள் பதினாறு வயது வரை போனாள். அதுவே எங்கள் வீட்டில் பெரிய படிப்பு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைதான் தெரிந்தது.

அந்தப் பத்து வயதுக்குக் காரணம் இருக்கிறது. மால்டாவில் ஆரம்பக் கல்வி கட்டாயமானதே 1946இல்தான். எல்லோருக்கும் உயர்நிலைப் பள்ளி என்பது 1970இல் வந்தது. அதற்குள் கப்பல்களில் பெரும்பாலானவை கிளம்பிப் போய்விட்டன. ஸ்லோவேனியர் வாழ்ந்த நிலம் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அங்கே எட்டு வருடக் கட்டாயப் பள்ளி 1869ஆம் வருடச் சட்டத்தில் வந்துவிட்டது. அவர்கள் மொழியில் முதல் அச்சுப் புத்தகங்கள் 1550இல் வந்தன, அவற்றில் ஒன்று எழுத்துக் கற்றுக்கொடுக்கிற அரிச்சுவடி. மால்டா மொழிக்கு அதன் சொந்தத் தீவிலேயே அரசாங்க மரியாதை கிடைக்க 1934 ஆகவேண்டியிருந்தது. அதுவரை நீதிமன்றத்தில் இத்தாலியன், அதிகாரிகளிடம் ஆங்கிலம், அடுப்படியில் மட்டும் மால்டீஸ். இப்படி எண்பது வருடம் தள்ளித் தொடங்கிய இரண்டு குடும்பங்களைப் பக்கத்தில் நிறுத்தி யார் படிப்பை மதித்தார்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கப்பலில் யார் ஏறினார்கள் என்பது அடுத்தது. போர் முடிந்தபோது மால்டாவில் இருந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அடுத்த முப்பது வருடத்தில் அங்கிருந்து 1 லட்சத்துக்கும் மேல் வெளியேறினார்கள், பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்கு. 1948இல் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டுப் பயணச் செலவுக்கு உதவின. டாக்யார்டில் ஆள் குறைப்பு வரும் என்ற பயம் வேறு. ஆக வந்தது ஒரு தீவின் உழைக்கும் வர்க்கம், பெண்டு பிள்ளைகளோடு, அண்ணன் கூப்பிட்டு தம்பி, தம்பி கூப்பிட்டு மச்சான் என்று. மெல்போர்னின் மேற்கே சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ், இங்கே உங்கள் பக்கம் என்று கொத்துக் கொத்தாக உட்கார்ந்தார்கள்.

ஸ்லோவேனியர் வந்த விதம் வேறு. ஒரு பகுதியினர் போருக்குப் பின் அகதி முகாம்களில் கிடந்தவர்கள். அவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். இன்று இத்தாலியில் இருக்கும் எல்லை நகரமான ட்ரியெஸ்தேயில் பிறந்து, பொருளாதாரம் படித்து, 1948இல் அடிலெய்டுக்கு வந்து ஓவியரான ஸ்டானிஸ்லாஸ் ரபோட்டெட்ஸ் 1961இல் மதம் சார்ந்த ஓவியத்துக்கான பிளேக் பரிசு வாங்கியவர். ஆனால் இப்படி வந்த அகதிகள் அரசாங்கம் சொல்கிற இடத்தில் இரண்டு வருடம் கூலி வேலை செய்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம். டாக்டரும் வக்கீலும்கூட பானெகில்லா முகாமில் இறங்கி, மண்வெட்டியைத்தான் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பகுதி ஐம்பதுகளில், அன்று ஸ்லோவேனியா அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவின் எல்லையை இரவில் தாண்டி இத்தாலிக்கோ ஆஸ்திரியாவுக்கோ ஓடிவந்த வாலிபர்கள். பெரும்பாலும் தனியாள். ஸ்னோயி மலை நீர்மின் திட்டத்தில் சுரங்கம் தோண்டினார்கள். மெல்போர்னில் கியூ என்ற பகுதியில் அவர்களுடைய பாதிரியார்கள் இந்த வாலிபர்களுக்கென்றே விடுதி நடத்தினார்கள். 'மிஸ்லி' என்று ஒரு பத்திரிகையும் 1952 முதல் வந்தது. தனியாக வந்தவர்கள் கிடைத்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு ஊரெங்கும் சிதறினார்கள். பேட்டை என்று பெரிதாக உருவாகவில்லை. உங்கள் நண்பரின் தாத்தா எந்தக் கணக்கில் வந்தார் என்று தெரியாமல் "எங்கள் ஆட்கள்" என்பதற்கு அர்த்தமே இல்லை.

இங்கே ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் அடுத்த கடிதத்தில் பிடிப்பீர்கள். பள்ளிக்கூடம் இல்லாத ஊரிலிருந்து வந்ததுதான் காரணம் என்றால், கிரேக்கக் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதைதானே? ஆனால் அவர்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போன விகிதம் மால்டாக்காரர் பிள்ளைகளைவிட நன்றாகவே அதிகம். என் ஊகம் இது: மால்டாக்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், பிரிட்டிஷ் குடிமகன், கையில் டாக்யார்டு தொழில். யூனியன் உள்ள வேலை, ரயில்வே, துறைமுகம் எல்லாம் கதவைத் திறந்தன. பையன் பதினாறு வயதில் ஒரு தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தால் இருபத்தைந்தில் வீடு வாங்கலாம் என்று கண்ணெதிரே தெரிந்தது. கிரேக்கருக்கு அந்தக் கதவு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. மீன் வறுக்கிற கடையில் பதினாறு மணி நேரம் நின்ற அப்பாவுக்கு, மகனை அந்தக் கடையிலிருந்து வெளியேற்ற ஒரே வழியாகத் தெரிந்தது பட்டம். வசதியான ஏணி பக்கத்திலேயே இருந்தால் தூரத்து ஏணியைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

பிரிட்டிஷ் குடிமகன் என்றேன், அதிலும் ஒரு கதை உண்டு. 1916இல் 'காஞ்ஜ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டாக்காரர்களோடு வந்தது. அப்போது ஆஸ்திரேலியாவில் கட்டாய ராணுவச் சேவைக்கு வாக்கெடுப்பு. "நம் ஆட்களைப் போருக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கறுப்பு ஆட்களை இறக்குகிறார்கள்" என்று அங்கே வதந்தி கிளம்பியிருந்தது. பிரதமர் பில்லி ஹியூஸ் அரசாங்கத்துக்கு உதறல். வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுக்க ஒரு சொல்வதெழுதும் பரீட்சை இருந்தது தெரியுமல்லவா, அதிகாரி நினைத்தால் எந்த ஐரோப்பிய மொழியிலும் வைக்கலாம். இந்தியர்களைத் தடுத்ததும் அதே பரீட்சைதான். மால்டாக்காரர்களுக்கு டச்சு மொழியில் வைத்தார்கள். மத்தியதரைக் கடல் தீவிலிருந்து வந்தவனுக்கு டச்சு! தேறவில்லை. பிரெஞ்சுத் தீவான நியூ கலிடோனியாவுக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள், பிறகு சிட்னி துறைமுகத்தில் ஒரு பழைய கப்பலில் அடைத்து வைத்தார்கள். 1917 மார்ச்சில்தான் கரை ஏற விட்டார்கள். இதற்கு ஒரு வருடம் முன்புதான் துருக்கியின் கல்லிப்போலியில் நடந்த போரில் அடிபட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு மால்டாவின் ஆஸ்பத்திரிகளில் கட்டுப்போட்டிருந்தார்கள். அந்த 214 பேருக்கு 'பில்லி ஹியூஸின் பிள்ளைகள்' என்று பெயர் விழுந்தது. தலைநிமிர்ந்து நிற்க முதல் வேலையாக மண்ணையும் வீட்டையும் வாங்கிப்போட வேண்டும் என்று ஒரு கூட்டம் நினைத்தால் எனக்கு ஆச்சரியமில்லை. குவீன்ஸ்லாந்தின் மெக்காய் ஊரில் கரும்பு வெட்டக் கூலியாகப் போனவர்கள் கரும்புத் தோட்டத்துக்கே முதலாளி ஆனதும் இந்த வகைதான்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 2021 கணக்கெடுப்பில் தங்கள் வம்சாவளி மால்டா என்று எழுதியவர்கள் கிட்டத்தட்ட 2 லட்சம். (மால்டாவின் மக்கள்தொகையே 5 லட்சத்தைச் சற்றுத் தாண்டும்.) ஸ்லோவேனியா என்று எழுதியவர்கள் 20 ஆயிரத்தை ஒட்டி. ஸ்லோவேனியா தனி நாடாக அறிவித்துக்கொண்டது 1991இல். அதற்கு முன் வந்தவர்கள் யூகோஸ்லாவியர் என்றும், எல்லைப் பகுதி ஆட்கள் இத்தாலியர், ஆஸ்திரியர் என்றும் பதிவானார்கள். இன்றைக்குப் படிவத்தில் ஸ்லோவேனியா என்று எழுதுகிற பேரன், தாத்தாவின் ஊரை விசாரித்துத் தெரிந்துகொண்ட பேரன். அப்படி விசாரிக்கிறவன் கொஞ்சம் படித்தவனாக இருக்க வாய்ப்பு அதிகம் இல்லையா? மண்வெட்டியோடு போய், இத்தாலியப் பெண்ணைக் கட்டி, பேரப்பிள்ளைகள் இத்தாலியர் என்றே எழுதிவிட்ட தாத்தாக்கள் அந்த 20 ஆயிரத்தில் வரவே மாட்டார்கள். மால்டா பக்கம் பேட்டையே இருப்பதால் பிளம்பரும் எழுதுகிறார், டாக்டரும் எழுதுகிறார். "பாதிப் பேர் இஞ்சினியர்" என்ற உங்கள் நண்பரின் கணக்கை நான் இதனால்தான் நம்பவில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் அமெரிக்காவைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இஞ்சினியர் இனமாகத் தெரிகிற ஸ்லோவேனியர், கிளீவ்லாந்தில் இரும்பாலைக் கூலிகள், மின்னசோட்டாவில் சுரங்கத் தொழிலாளிகள். முதல் உலகப்போருக்கு முன்னால் போனவர்கள், நிலமில்லாத விவசாயி வீட்டுப் பிள்ளைகள். சுரங்கத்தில் ஒருவன் செத்தால் குடும்பத்துக்கு நாதியில்லை என்பதால் மாதாமாதம் காசு போட்டு உதவிச் சங்கங்கள் நடத்தினார்கள், 1904இல் தொடங்கிய ஒன்று இன்னும் இருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்து வந்த ஃபிராங்க் லௌஷே கிளீவ்லாந்து மேயராகி, ஒஹாயோ கவர்னராகி, செனட்டராகவும் ஆனார். இன்றைய செனட்டர் ஏமி குளோபுச்சரின் தாத்தாவும் மின்னசோட்டாவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஸ்லோவேனியர்தான். முதல் உலகப்போரை ஒட்டி டெட்ராய்ட் கார் தொழிற்சாலைகளுக்குப் போன மால்டாக்காரர்கள் எண்ணிக்கையில் சிறு கூட்டம், அவ்வளவு செல்வாக்கு வரவில்லை. அர்ஜென்டினாவுக்கு 1945க்குப் பிறகு போன ஸ்லோவேனியர் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குத் தப்பிய கத்தோலிக்கர்கள், ஆசிரியர்களும் பாதிரியார்களும் நிறைய. மூன்றாம் தலைமுறையும் மொழி பேசுகிறது. ஒரே இனம், மூன்று நாட்டில் மூன்று கதை. எந்த வருடம் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள், அங்கே என்ன வேலை காலியாக இருந்தது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

உங்கள் பையன்கள் விஷயம். அதில் எனக்குப் பெரிய கவலை எதுவும் தெரியவில்லை, கே. நீங்கள் வந்த கப்பல் வேறு. அதாவது விமானம். ஆஸ்திரேலிய அரசாங்கம் உங்கள் பட்டத்தையும் வயதையும் ஆங்கில மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்த்துத்தான் விசாவே கொடுத்திருக்கும். அப்படிச் சலித்து எடுத்த கூட்டத்தின் பிள்ளைகள் நன்றாகப் படித்தால் அதற்குத் தமிழ்ப் பண்பாட்டின்மேல் மாலை போட வேண்டாம், அவ்வளவுதான் நான் கேட்பது. ஒருவேளை சின்னவன் பிளம்பிங் பயிற்சிக்குப் போகிறேன் என்றால், அவனைத் திட்டுவதற்கு முன்னால் மால்டா நண்பரிடம் அந்த மூன்று வீடு எப்படி வந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

ஸ்லோவேனிய நண்பரிடமும் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? அவருடைய தாத்தா எந்த ஊர்? எல்லைப்புறத்து ஆள் என்றால், அந்த நிலம் நாடு விட்டு நாடு கை மாறிக்கொண்டே இருந்ததால், 1910 வாக்கில் ஆஸ்திரியப் பிரஜையாகப் பிறந்து, இத்தாலியப் பள்ளியில் ஸ்லோவேன் பேசியதற்கு அடி வாங்கி, யூகோஸ்லாவியக் காகிதத்தோடு ஓடிவந்தவராக இருக்கலாம். சிட்னியில் இறங்கியபோது அவர் படிவத்தில் எந்த நாட்டின் பெயரை எழுதினார் என்று தெரிந்துகொள்ள ஆசை.